அரைப்பேர்

பொகவந்தலாவையில் நாலு மணிக்கு மழை.
கொழுந்து மடுவத்திலிருந்து வரும் சீட்டுகள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும்.
பிரித்து, மேசை விளக்கில் காட்டி,
கிலோவைத் தட்டுவது என் வேலை.

கொழும்பு எனக்குத் தந்திருப்பது இவ்வளவுதான்:
எல்லோரையும் பார்க்கலாம். புதிய வரிசை சேர்க்கலாம்.
இன்றைய கிலோவை ஆறு மணிவரை திருத்தலாம்.
ஆறு அடித்துவிட்டால்
பதினேழரை பதினேழரைதான்,
தராசுத் தட்டில் ஆட்டுக்குட்டி ஏறி நின்றிருந்தாலும்.

அழிக்க மட்டும் அனுமதி இல்லை.
இருந்தாலும் அழியாது.
ஓர் ஆளின் எண்ணைப் பிடித்துக்கொண்டு
லயத்துக் காம்பிரா, பண்டிகை முற்பணம், மருந்துத் துண்டு
எல்லாம் தொங்குகின்றன.
பிள்ளை வரிசை இருக்கும்வரை
தாய் வரிசையைத் தூக்க விடாது அட்டவணை.
அதை எழுதியவன் யாரோ, நல்லவன்.

ஆனால் பெயருக்குப் பன்னிரண்டு எழுத்து என்று வைத்தவனும்
அவன்தான்.
ஆங்கிலத்தில் பன்னிரண்டு.
ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கும் அங்காளபரமேஸ்வரி
பன்னிரண்டாவது எழுத்தில் வெட்டுப்பட்டு
முப்பத்தொரு வருஷச் சேவையுடன்
அங்காளபரமே
என்று நிற்கிறாள்.
அடையாள அட்டையில் முழுசாக இருக்கிறாள்.
இவளும் அவளும் ஒருத்திதானா என்று
சேமலாப நிதிக் கந்தோர் மூன்று முறை கேட்டுவிட்டது.

ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். படங்குச் சாக்கிலிருந்து
தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
"பதினெட்டுக் கிலோவுக்கு அரைக் கிலோ குறைஞ்சா
அரைப்பேருன்னு போடுறீங்க.
இப்ப எம் பேரே அரைப்பேரா கெடக்கு.
இதுக்கு யாரு சம்பளம் வெட்டுறது?"

தினேத்துக்கு எழுதினேன். கொழும்பில் சாவி அவரிடம்.
பதில் போடுகிற மனிதர்.
பத்தொன்பது தோட்டத்துக்கும் ஒரே அட்டவணை,
மாத முடிவில் கைவைக்க முடியாது,
படிவம் அனுப்பு, துரை கையெழுத்து, பிறகு
இன்னொரு கையெழுத்து.
நாலு மாதம்.
ஒரு சனிக்கிழமை இரவு
எல்லோரையும் வெளியேற்றிப் பூட்டி
பன்னிரண்டை நாற்பதாக்கினார்.

திங்கள் விடிய, பிரட்டுக்கு முன்பே போய்த் திறந்தேன்.
அங்காளபரமே.
பக்கத்தில் இருபத்தெட்டு எழுத்துக்கு
வெறும் இடம்.

பானையைப் பெரிதாக்கினால் சிந்தினது திரும்பி ஏறுமா.
அறுந்ததை ஒட்ட வேறு அனுமதி வேண்டுமாம்.
அது கணக்காய்வுப் பிரிவில்.
அவர்கள் சொன்ன வழி எளிது:
முழுப் பெயரில் புது வரிசை சேர்,
அதற்குத்தான் உனக்கு உரிமை இருக்கிறதே.
சேர்த்துப் பார்த்தேன், சேமிக்காமல்.
பணியில் சேர்ந்த நாள் என்ற கட்டத்தில்
இன்றைய தேதி தானாக வந்து உட்கார்ந்தது.
அவளிடம் சொன்னபோது சிரித்தாள்.
"இன்னைக்குத்தான் பேரு பதிஞ்ச கொமரியா நானு?"
சிரித்து முடித்து,
"வேணாம்மா, அழிச்சிரு" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு காரியம் செய்கிறேன்.
நாள்வரிசையின் கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம்.
இருநூற்றைம்பத்தைந்து எழுத்து கொள்ளும்,
யாரும் எதையும் போடலாம், விதியே இல்லை.
முன்பெல்லாம் 'மழை' என்றிருக்கும்,
'தராசு பழுது' என்றிருக்கும்,
ஒருமுறை 'குளவி கொட்டியது, 4 பேர்'.
இப்போது அவள் கிலோவுக்கு நேரே
தினமும் மிச்சத்தைத் தட்டுகிறேன்:
ஸ்வரி.

நேற்று கணக்காய்விலிருந்து அழைப்பு.
"மிஸ், இந்த ஸ்வரி என்கிறது
எந்த வகை லீவு?
எங்கள் பட்டியலில் இல்லையே."

லீவு இல்லை சேர், என்றேன்.
அன்று அவள் இருபத்தொரு கிலோ.